கந்தனுக்குப் பிறப்புப் பத்திரம்

கோலசிலாங்கூர் தொடங்கி சபாக் பெர்ணம் வரை நீளும் வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்தில் முருகன் பெயர் ஒலிக்காத ஊர் அரிது. தைப்பூசம் வந்தால் பத்துமலைக்குக் காவடி கட்டிப் புறப்படாத தோட்டம் ஒரு காலத்தில் இருந்ததில்லை. ஆயினும் முருகன் எவ்வாறு பிறந்தான் என்னும் கதையைத் தமிழ் நூல்கள் கூறியவாறு சொல்ல வல்லாரைத் தேடினால் கிடைப்போர் மிகச் சிலரே. இந்த வெற்றிடத்தில்தான் இரண்டு குரல்கள் வந்து குடிபுகுந்துள்ளன. திருவிழா மேடையிலும் கைப்பேசியில் கைமாறும் செய்திகளிலும் அவை மாறிமாறி ஒலிக்கின்றன.

கந்தன் கதை கிரேக்கரிடமிருந்து வந்தது, தியோனிசஸ் என்னும் கிரேக்கத் தெய்வத்தின் பிறப்புக் கதையே உருமாறிக் கந்தன் பிறப்பாயிற்று, கந்தன் என்ற பெயரே அலெக்சாந்தரின் பெயர்தான் என்பது ஒரு குரல். கிரேக்கருக்குத் தெய்வத்தைத் தந்தவனே தமிழன், நம் முருகனே மேற்கே சென்று தியோனிசஸ் ஆனான் என்பது மற்றொரு குரல். ஒன்று தமிழனைக் கடனாளி ஆக்குகிறது. மற்றொன்று கடன் கொடுத்தவன் ஆக்குகிறது. இரண்டும் எதிரெதிர் அணிகள் போலத் தோன்றினும் ஒரே பள்ளியில் பயின்றவை. தமிழ்த் தெய்வத்தின் பெருமையோ சிறுமையோ கிரேக்கம் எழுதித் தரும் பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது என்று இரண்டுமே நம்புகின்றன. பரிபாடலைப் புரட்டிப் பாராத குற்றமும் இரண்டுக்கும் பொது.

முதலில் கிரேக்கக் கதை யாது என்பதைத் தெளிவாகக் காண்பது நலம். தீப்ஸ் நகரத்து மன்னன் காட்மசின் மகள் செமெலே. வானவர் தலைவனாகிய சீயஸ் அவள்மீது காதல் கொள்ள, அவள் கருவுற்றாள். சீயசின் மனைவி ஹேரா சினந்து, செமெலேயின் செவிலித்தாய் வடிவில் வந்து, உன்னிடம் வருபவன் மெய்யாகவே சீயஸ்தானா, தன் உண்மை வடிவைக் காட்டச் சொல் என்று ஐயத்தை விதைத்தாள். எதைக் கேட்டாலும் தருவதாக வாக்களித்திருந்த சீயஸ் மறுக்க இயலாமல் இடியும் மின்னலுமாகத் தோன்றினான். செமெலே மாண்டாள். ஆறு திங்கள் நிரம்பிய கருவைத் தீயினின்று எடுத்த சீயஸ் அதைத் தன் தொடையில் வைத்துத் தைத்துக்கொண்டான். காலம் நிரம்பியதும் தையலைப் பிரித்துக் குழந்தையை வெளிக்கொணர்ந்தான். ஹெர்மிஸ் என்னும் தூதுத் தெய்வம் அக்குழந்தையை நீசா என்னும் மலையில் வாழ்ந்த அணங்குகளிடம் ஒப்படைத்தான். குழந்தையை வளர்த்த அம்மகளிர் பின்னர் ஹையாடிஸ் என்னும் விண்மீன் கூட்டமாக வானில் அமர்த்தப்பட்டனர். வேறொரு மரபில், குழந்தைத் தெய்வத்தைத் தைத்தானியர் என்னும் பூதப் படையினர் துண்டு துண்டாக வெட்டினர் என்றும், எஞ்சிய இதயத்திலிருந்து அவன் மீண்டும் பிறந்தான் என்றும் கதை உண்டு.

இக்கதையை யூரிப்பிடிஸ் என்னும் நாடக ஆசிரியர் எடுத்தாண்ட விதம் தமிழாசிரியர்கள் அறிய வேண்டியது. அவர் கி.மு. 406ஐ ஒட்டி மறைந்தபின் ஏதென்சில் மேடையேறிய 'பாக்கை' என்னும் நாடகத்தில், தியோனிசஸ் தீப்ஸ் நகருக்கு வருவதே தன் பிறப்பை மெய்ப்பிக்கத்தான். தாயின் உடன்பிறந்தாரே அவன் சீயசின் மகன் அல்லன் என்று பழி கூறியிருந்தனர். அதே நாடகத்தில் திரீசியஸ் என்னும் குருட்டு நிமித்திகன், தொடையில் வைத்துத் தைத்தான் என்பது சொல் மயக்கத்தால் எழுந்த கதை, பிணையாக வைத்தான் என்னும் பழஞ்சொல்லே தொடை என்று திரிந்தது என விளக்கம் தருகிறான். கிரேக்க மொழியில் தொடைக்கு மேரோஸ், பிணைக்கு ஹோமேரோஸ். ஆக, இன்றைக்கு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்கர் தம் கதையைத் தாமே கேள்விக்கு உட்படுத்தினர். அவர்களுக்கே முடிந்த முடிபாக இல்லாத ஒன்றை இங்கே சிலர் அளவுகோலாக எடுத்துக்கொண்டு கந்தன் கதையை அளக்க முற்படுகின்றனர்.

இனித் தமிழ்ப் பக்கம். தோட்டப்புறக் கோயில்களிலும் பள்ளிகளிலும் வழங்கும் கதை ஒன்றே ஒன்று. சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து ஆறு பொறிகள் எழுந்தன. காற்றும் தீயும் அவற்றைச் சுமந்து கங்கையில் சேர்க்க, கங்கை சரவணப் பொய்கையில் விட்டது. ஆறு தாமரையில் ஆறு குழந்தைகள். கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டினர். உமை வந்து அள்ளி அணைக்க அறுவரும் ஒருவராயினர். இது காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணம் வகுத்த வழி. அழகிய வழிதான், அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் இதுவே முதலும் முடிவும் என்று மாணவன் நம்புமாறு விடுவது ஆசிரியர் செய்யும் பிழை.

கந்தபுராணத்துக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது பரிபாடல். செவ்வேளைப் பற்றி அதில் இருந்த பாடல்கள் 31 என்பர், எஞ்சியவை 8. அவற்றுள் கடுவன் இளவெயினனார் பாடிய ஐந்தாம் பாடல் முருகன் பிறப்பை விரிவாகச் சொல்கிறது. அங்கே நெற்றிக்கண் பொறி இல்லை. சிவனும் உமையும் கூடியிருந்த காலத்து இந்திரன் சென்று ஒரு வரம் பெறுகிறான். விளைந்த கருவை அழித்துவிட வேண்டும் என்பதே அவன் கேட்டது. கொடுத்த வாக்கு தவறாத சிவன் தன் கருவைத் தானே துண்டுகளாகச் சிதைத்தான். அக்கருவின் பெருமையை உணர்ந்த முனிவர் எழுவர் அத்துண்டுகளைப் பெற்றனர். அவற்றைத் தம் மனைவியர் நேரே உட்கொண்டால் கற்புக்கு இழுக்காகும் எனக் கருதி, வேள்வித் தீயில் அவியோடு பெய்து, தீ உண்டு எஞ்சியதையே அளித்தனர். அருந்ததி ஒருத்தி நீங்க மற்றை அறுவரும் உண்டு கருவுற்றனர். இமயத்துச் சுனையில் தாமரைப் படுக்கையில் பெற்றெடுத்தனர். பிறந்த அன்றே, தான் கேட்டுப் பெற்ற வரத்தின் விளைவு இது என்பதையும் மறந்து, இந்திரன் வச்சிரப் படையை எறிந்தான். அந்த அடியில் ஆறு கூறாக இருந்தவர் ஒருவராயினர். அன்னையின் அணைப்பு ஒன்றாக்கியது என்கிறது பின்னைய நூல். பகைவனின் அடி ஒன்றாக்கியது என்கிறது முன்னைய நூல். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் மாணவரோடு உரையாடலாம்.

படை எதுவும் கையில் இன்றி விளையாட்டாகவே இந்திரனை வென்ற அக்குழந்தைக்குப் பின்னர் வானவர் பரிசில் தருகின்றனர். தீக்கடவுள் கோழியைத் தந்தான். இந்திரன் மயிலைத் தந்தான். கூற்றுவன் ஆட்டைத் தந்தான். கோழியும் ஆடும் தோட்டத்துக் கோயில்களுக்கு எவ்வளவு நெருங்கியவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவை நாகரிகம் அற்ற வழக்கம் என்று முகம் சுளிப்போர் ஒரு சங்கப் பாடலில் அவை தெய்வத்தின் கைப்பொருளாக நிற்பதைக் கண்டபின் சற்றே வாயடக்கிப் பேசுவது நன்று.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒப்புமை இல்லை என்று எவரும் கூற இயலாது. கருவைப் பகைக்கும் ஒரு வானவர் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. இங்கே இந்திரன், அங்கே ஹேரா. தீ இரண்டிலும் உண்டு. மறுக்க முடியாத வாக்கு ஒன்று கருவுக்குக் கேடாக முடிவது இரண்டிலும் உண்டு. துண்டான குழந்தை உண்டு. பெற்றவளல்லாத மகளிர் வளர்ப்பதும், வளர்த்தவர் விண்மீன்கள் ஆவதும் உண்டு. கார்த்திகைக் கூட்டமும் ஹையாடிஸ் கூட்டமும் வானில் அடுத்தடுத்து, ஒரே இடபராசியில், உரோகிணியின் அண்மையில் இருப்பவை என்பது வியப்பைக் கூட்டும். ஒப்புமையைக் காண்பதில் தவறே இல்லை. கண்ட மாத்திரத்தில் ஒன்றைத் தந்தை என்றும் ஒன்றைப் பிள்ளை என்றும் எழுதிவிடுவதே தவறு. பயிர்த்தொழிலும் கடற்செலவும் கொண்ட மக்கள் எங்கிருந்தாலும் அந்த மீன் கூட்டங்களை நோக்கியே பருவத்தைக் கணித்தனர். வானத்துக்கு உரிமைப் பட்டயம் எழுதி வாங்கியவர் எவருமில்லை. மேலும், ஒப்புமை முடியும் இடத்தில்தான் ஒவ்வொரு கதையும் தன் முகத்தைக் காட்டுகிறது. கிரேக்கக் கதையில் மின்னல் தாயைக் கொல்கிறது. பரிபாடலில் வச்சிரம் சிதறிக் கிடந்த குழந்தையைச் சேர்க்கிறது. தியோனிசஸ் தேறலின் தெய்வம். கட்டுகளைத் தளர்த்தி மனிதரை மயக்கத்தில் ஆழ்த்துபவன். கந்தன் படைத்தலைவன்.

பெயரொலியைக் கொண்டு தெய்வங்களை இணைக்கும் நோய் புதிதன்று. அதை முதலில் பரப்பியவர்கள் அலெக்சாந்தரின் படையினர். கி.மு. 326ஐ ஒட்டி அப்படை சிந்து நதியை நெருங்கியபோது நீசா என்றோர் ஊரைக் கண்டது. அவ்வூரார் சார்பில் வந்த அக்கூபிஸ் என்பவன், இவ்வூரை நிறுவியவன் தியோனிசஸ், அதற்குச் சான்று இங்கே மட்டும் வளரும் ஐவிக்கொடி என்று கூறினான். அருகிருந்த மலைக்கு மேரோஸ் என்று பெயரும் சொல்லப்பட்டது. மேரு என்னும் மலைப்பெயரைக் கேட்ட கிரேக்கர் காதில் தொடை என்னும் தம் சொல் விழுந்திருக்க வேண்டும். அவ்வளவுதான், தம் தெய்வம் தைக்கப்பட்டிருந்த தொடை இந்தியாவில் மலையாக நிற்கிறது என்று மகிழ்ந்தனர். ஆனால் அக்கிரேக்கருள்ளும் அறிவுடையோர் இருந்தனர். எரத்தோஸ்தெனிஸ் என்னும் பேரறிஞர், இவையெல்லாம் அலெக்சாந்தரைப் புகழ்ந்து மகிழ்விக்க மாசிதோனியர் புனைந்தவை என்று தள்ளினார். அவர் கூற்றை அர்ரியன் தம் நூலில் பதிந்து வைத்துள்ளார். மெகஸ்தெனிசோ இந்தியாவின் மலைவாழ் மக்கள் தியோனிசசை வணங்குவதாக எழுதிச் சென்றார். அவர் கண்டது சிவனையா, முருகனையா என்று இன்றுவரை ஆராய்ச்சி நடக்கிறது. தாம் கண்ட அயல் தெய்வத்துக்குத் தம் வீட்டுத் தெய்வத்தின் பெயரைச் சூட்டுவது கிரேக்கரின் வழக்கம். அவ்வழக்கத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது நம்மவர் பேதைமை.

1937இல் திருவனந்தபுரத்தில் நடந்த அனைத்திந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கோபால பிள்ளை என்னும் அறிஞர் கந்தனே அலெக்சாந்தர் என்று வாதிட்டார். இஸ்கந்தர் என்னும் பெயரே ஸ்கந்தர் ஆயிற்று என்பது அவர் கட்சி. இன்றும் சிலர் புதிதாகக் கண்டறிந்தது போல இதை எடுத்து வீசுகின்றனர். இக்கட்சி நிற்கும் கால்கள் இரண்டும் மெலிந்தவை. இஸ்கந்தர் என்பது கிரேக்க வடிவம் அன்று. அலெக்சாந்தரோஸ் என்னும் பெயரின் முதலெழுத்துகளை அரபு மொழியின் 'அல்' என்னும் சுட்டெனக் கருதி நீக்கியதால் பிற்காலத்தில் எழுந்த வடிவம் அது. அலெக்சாந்தரின் காலத்துக்குப் பின் அதிக இடைவெளியின்றி, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், அசோகனின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு அப்பெயர் கொண்ட மற்றொரு கிரேக்க வேந்தனைக் குறிக்கிறது. அங்கே எழுதப்பட்டிருப்பது அலிகசுந்தர என்பது போன்ற வடிவம். இந்தியர் காதில் அப்பெயர் அன்று எவ்வாறு விழுந்தது என்பதற்குக் கல்லில் வெட்டிய சான்று இருக்க, ஸ்கந்தர் என்று விழுந்ததாகக் கற்பனை செய்வது ஏன்? ஸ்கந்தன் என்ற பெயரோ வடமொழியில் துள்ளுதல், சிந்துதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து இயல்பாகப் பிறந்தது. சாந்தோக்கிய உபநிடதம் அப்பெயரை அறியும். கி.மு. இரண்டாம் நூற்றாண்டினரான பதஞ்சலி ஸ்கந்தன், விசாகன் ஆகியோரின் உருவங்களைப் பற்றிப் பேசுகிறார்.

மலேசிய மாணவனுக்கு இதை விளக்க இன்னோர் எளிய வழியும் உண்டு. இஸ்கந்தர் என்னும் பெயர் இந்நாட்டில் அயலானது அன்று. செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூல் மலாய் அரச மரபை இஸ்கந்தர் சுல்கர்னைனிடமிருந்து தொடங்குகிறது. அம்மரபினர் பலெம்பாங்கின் புக்கிட் செகுந்தாங் குன்றில் தோன்றியதாகக் கூறுகிறது. அலெக்சாந்தரின் கதை ஒரு நாட்டை அடையும்போது இப்படித்தான் அடைகிறது, தன் பெயரோடும் தன் படையெடுப்புகளோடும். தமிழில் முருகனைப் பாடிய எந்தப் பழம்பாடலிலும் அத்தகைய சுவடு இல்லை.

மறுபக்கத்தாரும் இதே அளவுக்குக் கடிந்துரைக்கத் தக்கவரே. தியோனிசஸ் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிச் சென்றான் என்பார்க்கு ஒரு செய்தி. கிரேக்க நாட்டில் பைலோஸ் என்னுமிடத்தில் கிடைத்த களிமண் பலகைகளில் தியோனிசசின் பெயர் உள்ளது. 1952இல் படித்தறியப்பட்ட எழுத்தில் அமைந்த அப்பலகைகள் கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. இன்று கிடைக்கும் தமிழ் எழுத்துச் சான்று எதுவும் அதற்கு முற்பட்டது அன்று. பெருமை பேசுவதற்குக் காலக்கணக்கு இடம் தராவிட்டால் காலக்கணக்கை விட்டுவிடுவதா, பெருமையை விட்டுவிடுவதா? தமிழாசிரியர் எதை விட வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பிரெஞ்சு அறிஞர் அலேன் தனியேலு 1979இல் சிவனையும் தியோனிசசையும் ஒரே தொல்சமயத்தின் இரு முகங்களாகக் காட்டி ஒரு நூல் எழுதினார். வெளிநாட்டார் எழுதினாராம் என்ற ஒரே காரணத்தால் அதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவோர் உண்டு. முருகனின் பன்முகங்களை நூல்வழி நின்று ஆராய்ந்த பிரெட் கிளாத்தியின் 1978ஆம் ஆண்டு நூலையோ, கமில் சுவெலபில் 1981இல் எழுதியதையோ அவர்கள் தொட்டும் பார்ப்பதில்லை. அவற்றில் முழக்கம் குறைவு. அதுவே காரணம் போலும்.

கிரேக்கத் தொடர்பு தமிழருக்கு இருந்ததா? இருந்தது, அதைச் சங்கப் புலவர் மறைக்கவும் இல்லை. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித்தர உண்டு மகிழ்க என்கிறார். அதே பாடலில் மன்னனை நான்கு தெய்வங்களுக்கு ஒப்பிடுகிறார். அவர்களுள் ஒருவன் முருகன். யவனரின் மதுவும் முருகனும் ஒரே பாட்டில், ஒரே புலவன் நாவில் வருகின்றனர். மது வந்தது கடல் கடந்து என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்கிறார். முருகனை அப்படிச் சொல்லவில்லை. இறக்குமதி எது, தன் மண்ணின் தெய்வம் எது என்று பிரித்தறியும் தெளிவு நக்கீரருக்கு இருந்தது.

ஆனால் இங்கே ஒரு தடையை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். தனித்தமிழ் அன்பர் சிலர், பிறப்புக் கதை முழுவதும் வடவர் புகுத்தியது, அதைத் தொடவே வேண்டா என்பர். தொல்காப்பியம் சேயோனை மலைநிலத்துத் தெய்வமாகக் காட்டிப் பிறப்பைப் பேசாது விடுவது உண்மையே. அகப்பாடல்களில் வேலன் வெறியாடுகிறானேயன்றிச் சரவணப் பொய்கையைத் தேடுவதில்லை. எனினும் திருமுருகாற்றுப்படை முருகனைக் கொற்றவையின் மகன் என்றும் பழையோளின் குழந்தை என்றும் கூறிக்கொண்டே, இமயத்துச் சுனையையும் தீக்கடவுள் ஏந்தியதையும் மகளிர் அறுவரையும் ஏற்கிறது. தென்னாட்டு அன்னையும் வடநாட்டுச் சுனையும் ஒரே நூலில் இணைகின்றன. புலவருக்கு அதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. வடக்கிலிருந்து வந்த கதையை வாங்கிக்கொண்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

என்ன செய்தார்கள்? மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் கதையோடு ஒப்பிட்டால் விளங்கும். அங்கே தீக்கடவுள் முனிவர் மனைவியரை விரும்புகிறான். அவனை விரும்பிய சுவாகை, அம்மனைவியர் அறுவரின் வடிவத்தை ஒவ்வொன்றாக எடுத்து அவனோடு கூடுகிறாள். அருந்ததியின் வடிவத்தை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை. குழந்தை பிறக்கிறது, பழி பிறக்கிறது. குற்றம் ஏதும் செய்யாத அந்த அறுவரையும் கணவர்கள் தள்ளிவிடுகின்றனர். கைவிடப்பட்ட அவர்கள் கந்தனிடம் வந்து முறையிட்டு, பின்னரே விண்ணில் கார்த்திகையாக இடம் பெறுகின்றனர். இந்தக் கதை இளவெயினனார் கைக்கு வந்தபோது நிகழ்ந்த மாற்றம் எளியதன்று. முனிவர்களே முன்னின்று தீயில் பெய்து தருகின்றனர். மனைவியர் அறிந்தே உண்கின்றனர். கற்பினின்று சிறிதும் வழுவாமல் கருவுற்றனர் என்று புலவர் வெளிப்படையாகவே கூறுகிறார். எவரும் எவரையும் வீட்டைவிட்டு விரட்டவில்லை. பொய்ப்பழியால் ஆறு பெண்கள் தெருவில் நிற்கும் காட்சியைத் தமிழ்ப்புலவர் தம் பாட்டுக்குள் விடவில்லை. கதை எங்கிருந்து வந்தது என்று சண்டையிடுவோர் கண்ணில் படாத செய்தி இது. தமிழுக்குப் பெருமை தேடுவோர் இதைவிட உயர்ந்த பெருமையை ஏதென்சில் சென்று தேட வேண்டியதில்லை.

பல கதைகளைக் கற்பித்தால் பக்தி குலையும், மாணவன் குழம்புவான் என்று அஞ்சுவோர்க்கு அதே பாடலின் முடிவே விடை. தந்தையே கருவைச் சிதைத்தான் என்னும் கடுமையான கதையைப் பாடிய புலவர், பொருளும் பொன்னும் போகமும் வேண்டா, அருளும் அன்பும் அறனும் வேண்டும் என்று இரந்து பாட்டை நிறைவு செய்கிறார். கதையின் கடுமை அவர் பக்தியைக் குலைக்கவில்லை.

இந்த வழக்கு வட சிலாங்கூரில் ஏன் கூடுதல் கனம் பெறுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள தமிழ்ப் பிள்ளை, தன்னைச் சுற்றியுள்ள அனைத்தும் வேறெங்கிருந்தோ வந்தது என்றே கேட்டு வளர்கிறது. ரப்பர் மரம் பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1848இல் சாவகத் தீவின் போகோர் தோட்டத்தில் நட்ட கன்றுகளின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலி வழியாக இங்கு வந்தன. பிரெஞ்சுக்காரரான ஹென்றி போக்கோனியே 1911ஐ ஒட்டி ரந்தாவ் பாஞ்சாங்கில் அவ்விதைகளை நட்டார். 1917இல் தெனமாரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. அத்தகைய தோட்டங்களில் காடழித்துக் கன்று நட்ட கைகளுள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைகள் எத்தனையோ. (பரிபாடலை உ.வே. சாமிநாதையர் ஏட்டிலிருந்து அச்சேற்றியது அதற்கு அடுத்த ஆண்டு, 1918இல். லயத்து வீடுகளில் வாழ்ந்த முன்னோர்க்கு அச்சுப் பரிபாடல் எட்டவில்லை. வாய்மொழிக் கதையே எட்டியது.) மரமும் வந்தது, மக்களும் வந்தனர் என்ற பின், தெய்வமும் கிரேக்கரிடமிருந்து வந்ததுதான் என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால் அப்பிள்ளை எளிதில் நம்பிவிடும். அல்லது அந்தத் தாழ்வு பொறாமல், உலகமே எங்களிடமிருந்து சென்றது என்னும் வெற்று முழக்கத்தில் போய் ஒதுங்கும்.

பிறப்புப் பத்திரம் என்பது இத்தோட்டப்புறத்தில் அணிக்காகச் சொல்லும் சொல்லன்று. பத்திரம் இல்லாமையால் பள்ளியில் சேர முடியாத பிள்ளைகளையும், இந்நாட்டிலேயே பிறந்தும் நீல அடையாள அட்டை கிட்டாத முதியோரையும் இச்சமூகம் கண்டிருக்கிறது. 2011இல் மைடஃப்தார் என்னும் பெயரில் பதிவு இயக்கம் ஒன்று நாடெங்கும் நடத்தப்பட வேண்டி வந்தது அதனால்தான். தாளில் எழுதப்படாமையால் ஒருவர் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடுமா என்பது இம்மக்கள் வாழ்ந்து அறிந்த வினா. அவர்களுடைய பிள்ளைகளிடம், உங்கள் தெய்வத்தின் பிறப்புக்கும் அயலூர் முத்திரை வேண்டும் என்று சொல்வது எத்துணைக் கொடுமை!

செய்ய வேண்டியது பெரிய வேலையும் அன்று. இடைநிலைப் பள்ளி மாணவருக்குப் பரிபாடலின் ஐந்தாம் பாடலை உரைநடையிலேனும் சொல்லலாம். கந்தபுராணக் கதையையும் வனபருவக் கதையையும் தியோனிசஸ் கதையையும் அதன் பக்கத்தில் வைத்து, எங்கெங்கே வேறுபடுகின்றன என்று அவர்களையே எழுதச் செய்யலாம். கோயில் திருவிழா மலர்களில் ஆண்டுதோறும் அதே இரண்டு பக்கங்களை மறுபதிப்புச் செய்வோர் ஓராண்டாவது அதை நிறுத்திப் பார்க்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் புக்கிட் ரோத்தானிலும், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தையிலும் குடியேறிய பின்னர், உடுக்கையடித்துக் கதை பாடிய பூசாரிகளின் குரல் பல இடங்களில் அடங்கிவிட்டது. எஞ்சியிருக்கும் பாட்டிமாரிடம், கன்னிமார் ஏழு பேர் யார், அவர்களுக்கு நீர்க்கரையில் ஏன் படையல் என்று பேரப்பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். வரும் விடைகள் முனிவர் மனைவியர் எழுவரோடு பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். பொருந்தியவுடன் துள்ளிக் குதிக்க வேண்டா. மேருவைக் கண்டு தொடை என்று மகிழ்ந்த படைவீரனின் நிலைக்கு வந்துவிட நேரும்.

எழுவருள் அறுவர் மட்டும் ஏன் உண்டனர், அருந்ததி ஏன் ஒதுங்கினாள் என்று வகுப்பில் ஒரு மாணவி எழுந்து கேட்கக்கூடும். பரிபாடல் அதற்குக் காரணம் கூறாமல், வடவானில் ஒளிரும் அந்த ஒரு மீனைச் சுட்டிவிட்டுக் கடந்து செல்கிறது. ஆசிரியர் அங்கே விடை சொல்லி மூடிவிடாமல் அவளையே எழுதச் சொல்லட்டும்.